இரண்டு பிரேக் வண்டி விற்பதற்கில்லை

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், என் மகன், அதாவது உன் மருமகனுடைய வலது கால் ஒன்றைத் தவிர. அங்கே நீயும் உன் முழங்காலும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நீ யோசிப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்களே தவிர, எழுத ஆரம்பித்தால் நானாக நிறுத்த மாட்டேன் என்பது உனக்கே தெரியும். ஆகையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்.

முதலில் பிள்ளைகள் சேதி. என் மகளுடைய மூத்தவன் கப்பல் இயந்திர அறையில் மூன்றாம் ஆளாக இருந்தவன், இப்போது இரண்டாம் ஆள். கப்பலே அவன் கையில்தான் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை, அவன் கை இல்லாமல் ஓடாது என்றுதான் சொல்கிறேன். அவனுக்கு அடுத்தவள் மருந்துப் படிப்பை முடித்து வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஒரு பெரிய மருந்துக் கடையில் நிற்கிறாள். எழுதின டாக்டருக்கே படிக்க வராத கையெழுத்தை ஒரே பார்வையில் படித்துவிடுகிறாளாம். கடைக்குட்டி பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். ஓடியது மூன்றே பேர், அதிலும் ஒருத்தி செருப்பு அறுந்து பாதியில் நின்றுவிட்டாள் என்று யாராவது உன் காதில் போட்டிருப்பார்கள். இரண்டாவது என்றால் இரண்டாவதுதான். அது கோப்பையிலேயே எழுதியிருக்கிறது.

மீதி இருப்பது என் மகனுடைய ஒரே மகள். போன கடிதத்தில் நீ நாலு பக்கத்துக்கு புத்தி சொல்லியிருந்தாயே, அவள். அவளைப் பற்றி ஒரு வரியில் சொல்ல முடியாது. அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

நீ இந்தப் பக்கம் வந்து பல வருஷம் ஆகிறது, எங்கள் டிரைவிங் ஸ்கூல் இருக்கிற இருப்பு உனக்குத் தெரியாது. உன் அத்தான் காலத்தில் மூன்று வண்டி நின்ற வாசலில் இப்போது ஒன்றுதான் நிற்கிறது. பதினாலு வயது வண்டி. ஓட்டுகிறவர் பக்கம் ஒரு பிரேக், சொல்லிக்கொடுக்கிறவர் பக்கம் இன்னொரு பிரேக். உள்ளே அதே மேஜை, அதே மூன்று நாற்காலி, சுவரில் அதே போட்டோ வரிசை. எங்களிடம் படித்து லைசென்ஸ் வாங்கியவர் ஒவ்வொருவரின் படத்தையும் உன் அத்தான் மாட்டிவைத்தாரே, அது இப்போது கதவைத் தாண்டிப் போய்விட்டது. உனக்காக அவர் அடித்த ஆணியும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம், உனக்குக் கோபம் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெருமுனையில் புதிதாக ஒருத்தன் ஸ்கூல் திறந்தான். ஆறு வண்டி, ஆறிலும் ஏசி. அங்கே சேருகிறவர்களுக்குத் தொப்பி கொடுக்கிறான். வண்டி ஓட்டத் தொப்பி எதற்கு என்று நீயும் நானும் கேட்போம், ஊர் கேட்கவில்லை, வரிசையில் நின்று வாங்கிப் போட்டுக்கொண்டது. எங்கள் பதிவேட்டில் பெயர் குறைந்து குறைந்து கடைசியில் பத்துக்கு வந்துவிட்டது. இந்தப் பத்தை நீ மறக்கக் கூடாது. போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்து பதிவேட்டைப் பார்க்கிறபோது, போட்டோ ஒட்டிய பெயர் பத்தாவது இருந்தால்தான் அனுமதியைப் புதுப்பிப்பார்கள். ஒன்பது என்றால் பலகையைக் கழற்று என்பார்கள். ஆய்வாளர் வருகிற தேதி அடுத்த மாதம் இருபது.

பலகை என்றதும்தான் கால் ஞாபகம் வருகிறது. தொப்பிக்காரனுக்குப் போட்டியாக நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று உன் மருமகன், "பயமில்லாமல் ஓட்டப் பழகுங்கள்" என்று ஒரு பலகை எழுதி, அதை மாட்ட ஏணியில் ஏறினான். கீழே இருந்து மருமகள் பயமாக இருக்கிறது இறங்குங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் பலகையைக் கையால் தட்டி, இதைப் படி என்று சொன்னான். அதற்கு அப்புறம் இறங்கினான், ஆனால் ஏணி வழியாக இல்லை. வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிவு. மூன்று மாதம் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு எந்தக் கால் என்றாலும் பரவாயில்லை, டிரைவிங் மாஸ்டருக்கு வலது கால்தான் மூலதனம், அதுதான் இரண்டாவது பிரேக்கில் இருக்கிற கால். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கால் ஒரு தினுசாகப் பழகிப்போயிருப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். பஸ்ஸில் போனாலும், சினிமாவில் யாராவது வேகமாகப் போனாலும், மருமகளுடைய தம்பி யோசிக்காமல் ஏதாவது பேச வாயெடுத்தாலும், வலது கால் தானாகத் தரையில் அழுந்தும். சாப்பாட்டு மேஜைக்கடியில் விரித்த பாய் நாலு இடத்தில் ஓட்டை. நாலும் வலது பக்கம்.

இப்போது பேத்திக்கு வருகிறேன். அவள் யூனிவர்சிட்டியில் கடைசி வருஷம், பாறைகளைப் பற்றிய படிப்பு. கல்லைப் பார்க்க நாலு வருஷமா என்று ஆரம்பத்தில் நானும் கேட்டவள்தான். போன வருஷ விடுமுறையிலேயே அவள் டிரைவிங் சொல்லிக்கொடுப்பதற்கான சான்றிதழ் வாங்கியிருந்தாள், அப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று. கால் ஒடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு உன் மருமகன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான், வண்டி கிளம்புகிறது, பக்கத்து சீட்டில் அவன் மகள். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் அவள் கேட்கவும் இல்லை. காலை ஆறிலிருந்து எட்டரை வரை வண்டி, ஒன்பதரைக்கு வகுப்பு, நாலரைக்கு மறுபடி வண்டி. படிக்க நேரம் எது? அதற்கும் ஒரு வழி செய்தாள். கேள்வி பதிலையெல்லாம் என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கொட்டை எழுத்தில் அட்டை அட்டையாகத் தமிழில் எழுதி என் கையில் கொடுத்து, "பாட்டி, நீ பின் சீட்டில உட்கார்ந்து ஒண்ணொண்ணா கேளு" என்றாள். அன்றிலிருந்து நான் யூனிவர்சிட்டிக்குக் கேள்வித்தாள் வாசிக்கிறவள் ஆகிவிட்டேன் தம்பி. ஐந்தாம் வகுப்புக்கு இது போதாதா?

முன்னால் ஒருவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்புவார். நான் பின்னாலிருந்து, "சுண்ணாம்புக்கல் எப்போது சலவைக்கல்லாக மாறுகிறது?" என்று கேட்பேன். இவள் கண்ணைச் சாலையை விட்டு எடுக்காமல், "பூமிக்கடியில சூட்டிலயும் அழுத்தத்திலயும் கிடந்தா பாட்டி. கியரை மாத்துங்க சார், ரெண்டுக்கு" என்பாள். இப்படியே ஓடியது. இதில் பெரிய தொந்தரவு ரொட்டிக்கடைக்காரர்தான். ஐம்பது வயது, அன்பான மனுஷர், நான் கேள்வி கேட்டால் தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டு யோசிப்பார். ஒரு தடவை நாற்சந்தி நடுவில் நிறுத்தி, "தெரியும், தெரியும், சொல்லிடாதீங்க" என்று நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இருபது வண்டி ஹாரன் அடிக்கிறது. பதில் சரியாகத்தான் சொன்னார், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல் டாக்டர் அம்மா என்று இன்னொருவர், அவருக்கும் பாதிப் பாறை மனப்பாடம். பல்லும் ஒரு விதத்தில் கல்தானே என்று சொல்லுவார். துணிக்கடையில் வேலை செய்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள், ஆனால் இவள் சரியாகச் சொன்னால் இரண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டுவார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது யூனிவர்சிட்டியிலிருந்து உன் மருமகன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அவன் காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான், வீட்டில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன், பிரித்தேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு என்று எனக்கும் தெரியும், ஆனால் அது ஆறாம் வகுப்பில்தான் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது. வருகைப் பதிவு குறைவாம், வகுப்பில் தூங்குகிறாளாம், பெற்றோர் வந்து துறைத் தலைவியைப் பார்க்க வேண்டுமாம். பெற்றவனுக்குக் கால் இல்லை, பெற்றவள் ஸ்கூல் போனை விட்டு நகர முடியாது. கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு பஸ் மாறி நானே போனேன்.

துறைத் தலைவி நாற்பது நாற்பத்தைந்து வயது அம்மா, மேஜை முழுக்கக் கல், நெற்றியில் ஒரு கண்ணாடி மூக்கில் ஒரு கண்ணாடி. கோபக்காரி என்று நினைத்துப் போனேன், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நடந்ததைச் சொன்னார். பாடம் நடக்கும்போது இவள் தூங்கியிருக்கிறாள். அது கூடப் பரவாயில்லை, தூக்கத்திலேயே தெளிவான குரலில், "கிளச்சை மெதுவா விடுங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. சொல்லிவிட்டு அந்த அம்மாவே கொஞ்சம் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை.

"பாட்டியம்மா, ஒரு கல்லைக் கையில வாங்கின உடனே அது எங்கிருந்து வந்ததுன்னு சொல்ற பிள்ளை எனக்கு இத்தனை வருஷத்துல ரெண்டு பேர்தான் கிடைச்சிருக்காங்க. அதுல ஒருத்தி தூங்குறா. நான் என்ன செய்யட்டும்?"

வண்டியில் அவள் ஒரு நாள்கூடத் தூங்கியது இல்லையே என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன்.

"அதுதான் என் கவலையே" என்றார் அவர்.

அந்த அம்மா கடைசியாகச் சொன்னது இது. பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. வெளியிலிருந்து பெரிய பேராசிரியர் வருகிறார். வருகைக் குறைவை எப்படியாவது தான் பார்த்துக்கொள்வார். ஆனால் அன்றைக்கு அவள் வந்து உட்கார்ந்து நன்றாகச் செய்தாக வேண்டும், தவறினால் ஒரு வருஷம் போச்சு.

வீட்டுக்குத் திரும்பி வருகிறேன், வாசலில் மருமகள் வேறொரு காகிதத்தோடு நிற்கிறாள். போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறது. எங்களுடைய நாலு பேருக்கு லைசென்ஸ் தேர்வு, ரொட்டிக்கடைக்காரர், பல் டாக்டர், துணிக்கடை அண்ணன் தம்பி. பதினாலாம் தேதி காலை எட்டு மணி. வருஷத்தில் முன்னூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறது, இந்த இரண்டு இடத்துக்கும் அந்த ஒரு நாள்தான் கிடைத்ததா? தேர்வு மைதானம் ஊரின் இந்தக் கோடி, யூனிவர்சிட்டி அந்தக் கோடி. தேர்வுக்கு எங்கள் வண்டிதான் போக வேண்டும், பிரேக்கில் கால் வைக்கத் தெம்புள்ள மாஸ்டர் பக்கத்தில் உட்கார வேண்டும், மாவுக்கட்டு போட்ட காலை அதிகாரி ஒத்துக்கொள்ள மாட்டார். இவள் போகாவிட்டால் அடுத்த தேர்வுக்கு இரண்டு மாதம் ஆகும், நாலு பேரும் தொப்பி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். ஒரு விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தொழிலில் தோற்றவரும் போய்விடுவார், ஜெயித்தவரும் போய்விடுவார். நன்றாகச் சொல்லிக்கொடுக்கக் கொடுக்க ஆள் குறைகிற தொழில் உலகத்தில் வேறு உண்டா தெரியவில்லை. ஒரே வித்தியாசம், ஜெயித்தவர் போகும்போது நாலு பேரிடம் நம்மைப் பற்றி நல்லதாகச் சொல்லிவிட்டுப் போவார்.

அந்த நேரம் பார்த்துத்தான் உன் கடிதம் வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஆகாது, படிக்கிற பிள்ளை படிக்கட்டும், ஸ்கூலை மூடுங்கள், வண்டியை வாங்க என்னிடம் ஆள் இருக்கிறது, நல்ல மனுஷர், அனுப்பிவைக்கிறேன் என்று. உன் மருமகன் அதைப் படித்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் உனக்குப் போன் செய்து சரி என்று சொல்லியிருக்கிறான். அப்புறம் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வண்டியின் முன்பக்கத்தைக் கையால் துடைத்துக்கொண்டு நின்றான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த வண்டி.

எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பத்து நாள் உனக்குப் போன் செய்யாததற்குக் காரணம் அதுதான், லைன் கிடைக்கவில்லை என்று மருமகள் சொன்னது பொய். ஆனால் கோபம் ஆறிய பிறகு நீ எழுதியதைத் திரும்ப வாசித்தேன். வாசித்ததும் நம் அப்பாவின் மரக்கடை ஞாபகம் வந்தது. அப்பா படுத்த படுக்கையானபோது நீ காலேஜில் இரண்டாம் வருஷம். ஒரு திங்கட்கிழமை நீ காலேஜ் போகாமல் மரக்கடைக்குப் போனாய். அவ்வளவுதான், அப்புறம் போகவே இல்லை. புத்தகத்தைப் பரணில் போட்டாய், இரண்டில் ஒன்றை விட்டால்தான் இன்னொன்று பிழைக்கும் என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டாய். உனக்கு எது வேண்டும் என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை தம்பி. கேட்டிருக்க வேண்டும்.

அதனால் இவளைக் கேட்டேன். சாயங்காலம், கடைசி ஆளை இறக்கிவிட்டு வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, மாமாத் தாத்தா இப்படி எழுதியிருக்கிறார், உன் அப்பாவும் சம்மதித்துவிட்டான், உனக்கு இரண்டில் எது வேண்டாம், சொல் என்றேன். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே சொன்னாள்.

"பாட்டி, எனக்கு ரெண்டும் வேணும். எது வேணாம்னு மட்டும் என்னைக் கேட்காதே. எப்படி முடியும்னு கேளு."

எப்படி முடியும் என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள். மைதானத்தில் எட்டுக்கு ஆரம்பித்தால் ஒன்பதுக்குள் நாலு பேரும் முடித்துவிடுவார்கள், அங்கிருந்து அரைமணி நேரம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. தேர்வு அதிகாரி அந்தக் கணக்கில் இல்லை. பதினாலாம் தேதி அவர் வந்தபோது மணி எட்டு ஐம்பது. வந்தவர் நாற்காலியைத் துடைக்கச் சொன்னார், பேனாவைத் தேடினார், அப்புறம்தான் ஆரம்பித்தார். அண்ணனும் தம்பியும் வண்டியில் எட்டுப் போட்டுத் தேறினார்கள், இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இண்டிகேட்டரை மறந்து ஒரே மாதிரி ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். பல் டாக்டர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். ரொட்டிக்கடைக்காரர் கடைசி. அதிகாரி பின் சீட்டிலிருந்து ஏதோ கேள்வி கேட்டிருக்கிறார், இவர் பழக்க தோஷத்தில் வண்டியை அழகாக ஓரம் கட்டி நிறுத்தி, இண்டிகேட்டர் போட்டு, யோசித்துப் பதில் சொல்லியிருக்கிறார். இருபது வருஷத்தில் இவ்வளவு பொறுப்பான ஆளைப் பார்த்ததில்லை என்று அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். நாலுக்கு நாலு. மணி ஒன்பது முப்பத்தெட்டு.

இனிமேல் பஸ் ஆகாது. வண்டியில்தான் போக வேண்டும், ஆனால் இவள் ஓட்டினால் படிக்க முடியாது, கடைசி முப்பது அட்டை இன்னும் பார்க்கவில்லை. நான் அட்டைக் கட்டோடு நிற்கிறேன், இவள் முகம் வெளுத்துப் போயிருக்கிறது. அப்போது ரொட்டிக்கடைக்காரர் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"நான் ஓட்டறேன் டீச்சர். இப்பத்தானே சர்க்காரே சொல்லியிருக்கு, எனக்கு ஓட்டத் தெரியும்னு."

அந்தப் பயணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முன்னால் அவர், பக்கத்தில் இவள், பின்னால் நான், பல் டாக்டர், அண்ணன், தம்பி, ஒருவர் மடியில் ஒருவர். நான் கேள்வி படிக்கிறேன், அட்டை குலுங்கி எழுத்து ஆடுகிறது, பல் டாக்டர் அம்மா வாங்கிப் படிக்கிறார், இவள் பதில் சொல்கிறாள், அண்ணனும் தம்பியும் தலையாட்டுகிறார்கள். ரொட்டிக்கடைக்காரரோ இவள் சொல்லிக்கொடுத்தது ஒன்று விடாமல் செய்கிறார். எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் வழி விடுகிறார். சாலையைக் கடக்க நிற்கிறவருக்கு நிறுத்துகிறார், கடக்க எண்ணமே இல்லாமல் சும்மா நிற்கிறவருக்கும் நிறுத்துகிறார். ஒரு புறா நடந்து போனது, அது போய்ச் சேருகிறவரை காத்திருந்தார். கொஞ்சம் வேகமாப் போங்க சார் என்று இவள் கெஞ்சினதற்கு, "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, அவசரமா இருக்கறப்பதான் நிதானம் வேணும்னு" என்றார். தான் சொன்ன வார்த்தை தனக்கே திரும்பி வந்தால் என்ன செய்ய முடியும். பத்து மணி இருபது நிமிஷத்துக்கு யூனிவர்சிட்டி வாசலில் இறங்கி ஓடினாள். துறைத் தலைவி கதவருகில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஐந்து பேரையும் வண்டியையும் ஒரு தடவை பார்த்தார், இவளை உள்ளே தள்ளினார். அவசரத்தில் கதவைச் சரியாகச் சாத்தவில்லை, அதனால் பெஞ்சில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. நான் ஒட்டுக் கேட்டேன் என்று எழுத மாட்டேன், காது திறந்திருந்தது.

முதலில் நன்றாகப் போனது. எங்கள் அட்டையில் இருந்த கேள்வியாகவே கேட்டார்கள். பல் டாக்டர் அம்மா ஒவ்வொன்றுக்கும் என் கையை அமுக்கினார். பிறகு வெளியிலிருந்து வந்த பெரிய பேராசிரியர் வரி வரியாக இருக்கிற ஒரு கல்லை இவள் கையில் கொடுத்து, தானாகவே பேச ஆரம்பித்தார். பாரம்மா, இந்த வரியெல்லாம் ஆறு கொண்டுவந்து ஒன்றன் மேல் ஒன்றாகப் படிய வைத்த மண், ஆகவே இது தண்ணீரில் உண்டான பாறை, ஆகவே என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார். திடீரென்று உள்ளே "டம்" என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து "ஆ" என்று ஒரு குரல், அது இவள் குரல் இல்லை.

என்ன நடந்திருக்கும் என்று நீயே ஊகித்திருப்பாய். ஒருவர் தப்பான பக்கம் திரும்புகிறார் என்று தெரிந்தால் எங்கள் வீட்டுக் கால் சும்மா இருக்காது. மேஜைக்கடியில் இவள் பிரேக் போட்டுவிட்டாள். பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய பேராசிரியரின் ஷூ இருந்தது.

ரொட்டிக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு வருஷம் போச்சு என்று நான் நினைத்தேன் தம்பி, என் வலது கால் அந்தப் பெஞ்சுக்கடியில் தரையை அமுக்கிக்கொண்டே இருக்கிறது, நிற்க மாட்டேன் என்கிறது. அப்புறம் இவள் குரல் கேட்டது.

"மன்னிச்சுக்கோங்க சார். ஆனா அந்தப் பக்கம் போகக் கூடாது. அது தண்ணி போட்ட வரி இல்லை. சூடும் அழுத்தமும் போட்ட வரி. பார்க்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கும்."

பெரிய பேராசிரியர் சிரித்தார். காலையிலிருந்து மூன்று பிள்ளைகளிடம் இதே கல்லைக் கொடுத்து இதே பொய்யைச் சொன்னாராம், மூன்று பேரும் ஆமாம் சார் ஆமாம் சார் என்று கூடவே வந்து பள்ளத்தில் விழுந்தார்களாம். "நீ ஒருத்திதாம்மா பிரேக் போட்டே" என்றார். ஷூவைக் கழற்றி விரலைத் தடவிக்கொண்டே சொன்னதாகத் துறைத் தலைவி பிறகு என்னிடம் சொன்னார். முதல் வகுப்பு என்றும் சொன்னார். இப்போது நீ இந்தக் கடிதத்தின் ஆரம்பத்துக்குப் போய், கப்பல், மருந்துக் கடை, ஓட்டப்பந்தயம் எல்லாவற்றுக்கும் மேலே இதை எழுதிக்கொள்.

திரும்பி வரும்போதும் ரொட்டிக்கடைக்காரர்தான் ஓட்டினார். இவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் தூங்கிவிட்டாள், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, சின்ன வயதில் தூங்குகிற மாதிரி. வண்டியில் அவள் தூங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். ரொட்டிக்கடைக்காரர் எங்காவது கொஞ்சம் வேகம் எடுத்தால் மட்டும் கால் தானாக பிரேக்கைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மற்றதெல்லாம் தூங்கியது, கால் தூங்கவில்லை.

ஆகவே தம்பி, என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிரேக் வண்டி விற்பதற்கில்லை. உன் ஆளை அனுப்ப வேண்டாம், அவர் எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும். உன் மருமகனிடமும் சொல்லிவிட்டேன், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊன்றுகோலைத் தேடினான், அது அவன் கையில்தான் இருந்தது. நீயும் இப்போதைக்கு இங்கே வர வேண்டாம். நீ நல்லதற்குத்தான் சொன்னாய் என்று தெரியும், ஆனாலும் என் கோபம் முழுதாக ஆற இன்னும் ஒரு மாதம் ஆகும், அதுவரை அங்கேயே இரு.

உன் முழங்கால் மடங்கும்போதும் நிமிரும்போதும் வலியில்லாமல் இருக்கட்டும். உன் பிள்ளைகள் உன்னைக் கேட்காமல் நல்ல முடிவாக எடுக்கட்டும். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, அவள் பாவம். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லலாம் என்றால் உன்னையும் என்னையும் விடப் பெரியவர்கள் யாரும் மிச்சமில்லை, அதனால் வணக்கத்தை நீயே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மேல் கோபத்தில் இருக்கும்
அக்கா

பின் குறிப்பு: இந்தக் கடிதம் தபால்தலை இல்லாமல் மூன்று நாள் மேஜையில் கிடந்தது. அதற்குள் உன் ஆள் வந்துவிட்டார். நல்ல மனுஷர்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், உட்கார்ந்தார், சாவியைக் கொடுத்தோம், அதை எங்கே போடுவது என்று கேட்டார். பஸ்ஸில் வந்திருக்கிறார். வாழ்நாளில் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லையாம், முதலில் வண்டி வாங்கிவிட்டால் ஓட்டுவது தானாக வந்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். அது நீதான் என்று நினைக்கிறேன். பேத்தி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் பழகுங்கள் அப்புறம் வாங்குங்கள் என்று சொல்லிப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டாள். தேறிய நாலு பேர் போக மீதி ஆறு, ரொட்டிக்கடைக்காரர் மனைவி ஏழு, அந்தத் துறைத் தலைவி அம்மா எட்டு, உன் ஆள் ஒன்பது. ஆய்வாளர் இருபதாம் தேதி வருகிறார். பத்து வேண்டும்.

ஆகையால் மேலே நீ வர வேண்டாம் என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிடு. நீ அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் வந்து சேர். பத்தாவதாக உன் பெயரை நான் எழுதியாகிவிட்டது, என் கையெழுத்திலேயே. நாற்பது வருஷத்துக்கு முன்னால் தேர்வு அதிகாரியின் சைக்கிள் மேலேயே வண்டியை ஏற்றினாய் என்பதற்காக ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கப் பயப்பட வேண்டியதில்லை. இப்போதெல்லாம் அதிகாரிகள் சைக்கிளில் வருவதில்லை. பேத்தி சொல்லிக்கொடுப்பாள், நான் பின் சீட்டில் இருப்பேன். முழங்கால் வலிக்குமே என்று சாக்குச் சொல்லாதே, இன்னொரு பிரேக் இருக்கிறது. உனக்கு எது வேண்டும் என்று இந்தத் தடவையும் நான் கேட்கவில்லை, அதற்கு மன்னித்துக்கொள். ஆனால் இது உனக்கு வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும், அந்தத் தேர்வு நாள் காலையில் நீ எப்படித் தலை சீவினாய் என்று நான் பார்த்தேன்.

பழைய பதிவேட்டில் உன் அந்தக் காலத்துப் போட்டோ அப்படியே இருக்கிறது. அதை ஒட்டலாம் என்று பார்த்தால், அதில் உனக்கு இருக்கிற முடியைப் பார்த்து ஆய்வாளர் வேறு யாரோ என்று சொல்லிவிடுவார். போனில் அனுப்பாதே, அதை ஒட்ட முடியாது. இரண்டு காதும் தெரிகிற மாதிரி, சிரிக்காமல், இரண்டு பிரதி எடு. ஒன்று பதிவேட்டுக்கு, இன்னொன்று அந்த ஆணிக்கு. இன்றைக்கே புது போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.